“உனக்குப் போதும்”: பலவீனமும் கிருபையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில், யீஷூனில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு ஒரு சின்ன ஜெபக் கூட்டம் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம் எல்லாம் ஒன்பது மணிக்கு முடிந்துவிடும். உண்மையான பேச்சு அதற்கப்புறம்தான். செருப்பைத் தேடும்போதோ லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதோ “அண்ணே, ஒரு விஷயம்…” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். நான் போதகர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. கணக்கு எழுதிப் பிழைப்பவன். படித்ததும் பட்டதும்தான் கையிருப்பு.

கிருபை என்றால் என்ன? அருள் என்பதும் அதுவும் ஒன்றா?

ஒன்றுதான். பழைய வேத மொழிபெயர்ப்பில் பழகிய நாங்கள் ‘கிருபை’ என்கிறோம். ஓஃபிர் சாலையில் இருக்கும் லூர்து அன்னை ஆலயத்துக்குப் போகிற என் மைத்துனர் ‘அருள்’ என்பார். 1888-இல் கட்டி முடித்த கோயில் அது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே அந்தச் சொல்லைச் சொல்லி ஜெபித்திருக்கிறார்கள். எந்தச் சொல்லானாலும் பொருள் ஒன்று: தகுதி பார்க்காமல் வருகிற தயவு.

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குக் ‘கிரேஸ் மார்க்’ ஞாபகம் வரும். 35 எடுத்தால் தேர்ச்சி. 32 வாங்கியவனுக்கு மூன்றைப் போட்டுத் தூக்கிவிடுவார்கள். 8 வாங்கியவனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கடவுளின் கிருபையையும் நம்மில் பலர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 32 வரைக்கும் நாம் எப்படியாவது வந்துவிட வேண்டும், மிச்சத்தை அவர் போடுவார் என்று. சுவிசேஷங்களைப் புரட்டிப் பாருங்கள். இயேசுவின் பந்தியில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் 8 வாங்கியவர்கள்.

பலவீனம் என்றாலே பாவமா?

இல்லை. முதுகுவலி பாவம் இல்லை. மூன்று மாதமாகத் தூக்கம் வராததும் பாவம் இல்லை. சின்ன வயதில் உங்களுக்கு ஒருவர் செய்த கொடுமை நிச்சயமாக உங்கள் பாவம் இல்லை. பயம் பலவீனம், அந்தப் பயத்தில் பெண்டாட்டியிடம் சொன்ன பொய் பாவம். நடைமுறையில் இவை பின்னிக்கொண்டு கிடக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். காயத்துக்குக் கட்டுப்போட வேண்டிய இடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தால் காயம் சீழ் பிடிக்கும்.

பவுலின் ‘முள்’ என்னது?

தெரியாது. ஆரம்பகாலச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுல், ‘மாம்சத்திலே ஒரு முள்’ என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 12-ஆம் அதிகாரத்தில் சொல்கிறாரே தவிர, அது என்ன என்று சொல்லவில்லை. கண்நோய், வலிப்பு, மலேரியா, எதிரிகளின் தொல்லை என்று ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். அவர் சொல்லாமல் விட்டது நல்லதற்குத்தான் என்று எனக்குப் படுகிறது. கண்நோய் என்று எழுதியிருந்தால் கண்நோய்க்காரர்கள் மட்டும்தான் அந்தப் பகுதியை எடுத்துப் படித்திருப்பார்கள்.

நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அது நீங்க வேண்டுமென்று மூன்று தரம் வேண்டிக்கொண்டார். நீங்கவில்லை. வந்த பதில்: “என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்.”

இந்தப் ‘போதும்’ எனக்கு வெகுநாள் உறுத்தியது. நம் வீட்டுப் பந்தியில் ‘போதும்’ என்பது சாப்பிடுகிறவர் வாயிலிருந்து வருகிற சொல். இலைக்கு மேல் கையை நீட்டி “போதும் போதும்” என்போம். பரிமாறுகிறவர் “இன்னும் கொஞ்சம்” என்பார். பரிமாறுகிறவரே “உனக்குப் போதும்” என்றால் அது என்ன மரியாதை? எழுந்து போகத் தோன்றாதா?

அப்புறம் ஒரு நாள் இன்னொரு ‘போதும்’ கண்ணில் பட்டது. எலியா தீர்க்கதரிசி ராணிக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடிப்போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்று சாகக் கேட்கிறார். முதலாம் இராஜாக்கள் 19. அந்தப் போதும் ‘இதற்குமேல் என்னால் முடியாது’ என்கிற போதும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் பவுலுக்கு வந்த பதில் வேறு மாதிரிக் கேட்டது. மனிதன் ‘போதும், முடியாது’ என்று உட்கார்ந்துவிட்ட இடத்தில், ‘உனக்கு நான் போதும்’ என்று ஒருவர் வந்து பக்கத்தில் உட்காருகிறார். மூலமொழியில் இந்த விளையாட்டு இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். தமிழில் இருக்கிறது, நான் தமிழில் படிக்கிறவன்.

இதைப் பவுல் ஏன் கொரிந்தியருக்குப் போய் எழுதினார்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொரிந்து, கிரேக்க நாட்டில் ஒரு துறைமுக நகரம். ஒரு பக்கம் லெகாயம், மறுபக்கம் கெங்கிரேயா என்று இரண்டு துறைமுகங்கள். கிழக்கே போகும் சரக்கும் மேற்கே போகும் சரக்கும் அந்த ஒடுங்கிய நிலத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். ரோமர்கள் கி.மு. 146-இல் பழைய ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் அதை மறுபடியும் குடியேற்றினார். வந்து குடியேறியவர்களில் நிறையப் பேர் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்கள், பிழைக்க வந்தவர்கள். இரண்டே தலைமுறையில் பணக்கார ஊராகிவிட்டது. பழம்பெருமை யாருக்கும் கிடையாது, அதனால் உழைப்பையும் சம்பாத்தியத்தையும் பேச்சுத் திறமையையும் வைத்துத்தான் ஆளை அளப்பார்கள்.

கப்பல், வந்தேறிகள், கடும் உழைப்பு, யார் எவ்வளவு முன்னேறினார் என்கிற கணக்கு. தஞ்சோங் பகாரில் துறைமுகக் கிரேன்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா?

அந்த ஊர்க்காரர்கள் பவுலைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பது அதே நிருபத்தில் இருக்கிறது: கடிதம் எழுதினால் பலமாக இருக்கிறது, நேரில் பார்த்தால் ஆள் பலவீனம், பேச்சும் அற்பம். வேலைக்கு விண்ணப்பித்தால் நேர்முகத் தேர்விலேயே கழித்துவிடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பதிலாகத்தான் தன் பெருமைப் பட்டியலை எழுதுகிறார். அடிபட்டது, கப்பல் உடைந்தது, பசியோடு இருந்தது, தமஸ்குவில் மதில் ஜன்னல் வழியே கூடையில் இறக்கிவிடப்பட்டுத் தப்பி ஓடியது. மதிலில் முதலில் ஏறிய போர்வீரனுக்கு ரோமர்கள் தங்க மகுடம் சூட்டுவார்கள். இவரோ மதிலிலிருந்து கூடையில் இறங்கிய கதையைச் சொல்கிறார். அந்த ஊரில் இதைப் படித்தவர்கள் சிரித்திருப்பார்கள், அப்புறம் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

நம் பலவீனத்தை நாமே வெளியே சொல்ல வேண்டுமா? மறைத்தால் என்ன?

மறைத்த கதையைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

எனக்கு 47 வயதில் ஆட்குறைப்பில் வேலை போனது. வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, சாப்பாட்டு டப்பாவோடு ஏழேகாலுக்குக் கிளம்பிவிட்டேன். போன இடம் உட்லண்ட்ஸ் வட்டார நூலகம். அது திறக்கும்வரை எம்ஆர்டி நிலையத்தில் உட்காருவேன். பதினொன்றரைக்குப் பக்கத்து அடுக்குமாடி புளோக்கின் வாய்ட் டெக்கில், அதாவது கீழ்த்தளத்துத் திறந்த இடத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையில் சாப்பாடு. மாலை ஆறரைக்கு வீடு. “இன்னைக்கு வேலை எப்படி?” “பரவாயில்லை.” இப்படி மூன்றரை மாதம். ஒவ்வொரு ஞாயிறு மாலையும் என் மனைவி ஐந்து சட்டைகளுக்கு இஸ்திரி போட்டு மாட்டி வைப்பாள். அந்த ஐந்து சட்டைகளைப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கல்மேசையில், எங்கள் சபையில் முன்பு ஞாயிறு பள்ளி நடத்திய ஓர் அக்கா என்னைப் பார்த்துவிட்டார். சந்தைக்குப் போய்விட்டுச் சக்கர வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார். பகல் பதினொன்றரை மணிக்கு, அலுவலகச் சட்டையோடு, வேறு வட்டாரத்தில், தனியாக. கேட்பதற்கு எத்தனையோ இருந்தது. அவர் கேட்டது: “தம்பி, சாப்பாடு ஆறிப்போச்சா?”

ஆமாம் என்றேன். காப்பிக் கடைக்குப் போய் இரண்டு தே ஓ (பாலில்லாத தேநீர்) வாங்கி வந்தார், பிளாஸ்டிக் பையில் சிவப்புக் கயிறு கட்டித் தருவார்களே, அப்படி. எதிரே உட்கார்ந்து குடித்தார். வெண்டைக்காய் விலை, தன் முட்டிவலி, யார் வீட்டுக் கல்யாணம் என்று பேசிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அதே நேரத்துக்கு எலுமிச்சைச் சோற்றோடு வந்தார். சூடாக இருந்தது. அன்றும் ஒன்றும் கேட்கவில்லை. நான்காம் நாள் நானே சொல்லிவிட்டேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன். “வீட்டுக்குப் போய்ச் சொல்லு. நான் கூட வரணும்னா வர்றேன்” என்றார். வந்தார். மேலே வரவில்லை. எங்கள் புளோக்கின் கீழே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

மேலே போய்ச் சொன்னேன். என் மனைவிக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கதவுக்குப் பக்கத்து ஆணியில் என் அலுவலக அட்டை தொங்கும். அது அங்கே இல்லாததை இரண்டாவது வாரமே பார்த்திருக்கிறாள். “அப்புறம் ஏன் சட்டைக்கு இஸ்திரி போட்டாய்?” என்று கேட்டேன். “நீங்க சொல்லாம நான் எப்படிக் கேக்குறது? கசங்கின சட்டையோட அனுப்பவா?” என்றாள்.

எலியாவின் கதையில் சாகக் கேட்டவருக்குத் தேவதூதன் கொண்டுவந்தது தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். புத்திமதி ஒன்றுமில்லை. எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் தரமும் வந்து தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். கேள்வியெல்லாம் நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையில்தான். இந்த வரிசையை நான் வேதத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கல்மேசையில் தெரிந்துகொண்டேன்.

ஆகவே பதில்: எல்லாரிடமும் சொல்ல வேண்டாம். மேடையேறிச் சாட்சி சொல்லவும் வேண்டாம். ஒரே ஓர் ஆளிடம் சொல்லுங்கள். பார்த்துத் தேர்ந்தெடுங்கள், எல்லாச் சபையிலும் செய்தி வாசிப்பவர்கள் இரண்டு பேர் உண்டு.

நான் வேலை அனுமதியில் இருப்பவன். பலவீனமாக இருக்க எனக்கு ஏது வசதி?

இதைக் கேட்டவர் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி. கப்பல் பட்டறையில் வேலை, விரலில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் உட்கார்ந்து அம்மாவோடு வீடியோ அழைப்பில் பேசினார். பக்கத்திலிருந்து பார்த்தேன். இருபது நிமிடமும் இடது கையை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தார். காப்பியை வலது கையால் குடித்து, போனையும் வலது கையால் மாற்றி மாற்றிப் பிடித்தார். மூன்று வாரமாக இப்படித்தானாம். வட்டிக்கு வாங்கிய ஏஜெண்ட் பணம் இன்னும் பாதி பாக்கி. வீட்டுக்குத் தெரிந்தால் அங்கே சமையலே நடக்காது என்றார்.

அவரிடம் போய் ‘பலவீனத்தில் மேன்மைபாராட்டு’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இழக்க ஒன்றுமில்லாதவனுக்குத் தத்துவம் பேசுவது சுலபம். அன்று செய்தது வேறு. வேலையிடத்துக் காயத்துக்கு இழப்பீடு கேட்கும் உரிமை அவருக்குச் சட்டப்படி உண்டு, மருத்துவச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்த வேண்டும், மனிதவள அமைச்சில் விசாரிக்கலாம் என்று சொல்லி, ஒருவரைக் கூட அனுப்பினோம். கிருபைக்குக் கையும் காலும் படிவமும் வேண்டியிருக்கிறது. அம்மாவிடம் அவர் எப்போது சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அது அவர் பாடு.

கடவுள் வேண்டுமென்றே நம்மை உடைக்கிறாரா?

சிலர் அப்படிப் பிரசங்கிக்கிறார்கள். குயவன், களிமண் உவமையை எடுத்துக்கொண்டு ‘உடைத்து வனைகிறார்’ என்பார்கள். என் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து, ‘அந்த அடியில் எனக்கு நல்லது நடந்தது’ என்று நானே சொல்லிக்கொள்ளலாம். அதே வாக்கியத்தை இன்னொருவரின் துக்க வீட்டில் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. வாய்ட் டெக்கில் நீலக் கூடாரம் போட்டு, பிள்ளையின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தாயிடம் ‘கர்த்தருடைய சித்தம்’ என்று ஒருவர் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அந்த அம்மாள் தலையாட்டினார். அதற்கப்புறம் ஆறு வருஷம் சபைக்கு வரவில்லை.

யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் அவனோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். எட்டாம் நாள் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

உடைந்த பாத்திரத்துக்கு ஜப்பானியர் தங்கம் பூசுவார்களாமே? அதுபோலத்தானே?

அந்தப் படம் எனக்கும் வாட்ஸ்அப்பில் இருபது தரம் வந்துவிட்டது. அழகுதான். எனக்கு என் அம்மாவின் மீன்குழம்புச் சட்டிதான் ஞாபகம் வருகிறது. புது மண்சட்டி வாங்கினால் உடனே அடுப்பில் ஏற்ற முடியாது. தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், அரிசிக் கஞ்சியைக் காய்ச்சிப் பழக்க வேண்டும். கஞ்சிப் பசை போய்க் கண்ணுக்குத் தெரியாத துளைகளை அடைக்கும், கசிவு நிற்கும். அந்தச் சட்டியின் விளிம்பில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. தூக்கிப் போடச் சொன்னோம். அம்மா கேட்கவில்லை. “இந்தப் பக்கமா ஊத்தினா வழியாம விழுது” என்று அந்த உடைசல் வழியாகவே கடைசிவரை குழம்பு ஊற்றினார்.

‘இந்தப் பொக்கிஷத்தை மண்பாண்டங்களில் பெற்றிருக்கிறோம்’ என்று பவுல் எழுதியபோது அவர் மனதில் இருந்ததும் இப்படிப்பட்ட மலிவான சாமான்தான். விளக்கு, தண்ணீர்க் குடம், எண்ணெய்ச் சாடி எல்லாம் அன்று மண்ணில்தான். உடைந்தால் வாசலில் எறிந்துவிட்டு வேறு வாங்குவார்கள்.

எனக்கு மனச்சோர்வு. விசுவாசம் குறைவு என்கிறார்கள்.

சொன்னவருக்கு நீரிழிவு இருந்தால், மாத்திரை போடுகிறாரா என்று கேளுங்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன். மனச்சோர்வு நோய். பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் சொல்லலாம், தேவைப்பட்டால் மனநலக் கழகத்துக்கு அனுப்புவார்கள். மருந்தும் ஆலோசனையும் எலியாவின் அடையும் தண்ணீரும் போலத்தான்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள். எஸ்ஓஎஸ் என்கிற சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் எண் 1767, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். தேசிய மனநல உதவி எண் 1771. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995. தற்கொலைக்கு முயன்றது தெரிந்தால் போலீஸ் பிடிக்கும் என்று இன்னும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சட்டம் போய்விட்டது. 2020 ஜனவரி 1 முதல் அது இங்கே குற்றம் இல்லை.

திரும்பத் திரும்ப அதே தவறில் விழுகிறேன். கிருபைக்கு எல்லை கிடையாதா?

இயேசுவின் சீஷர் பேதுருவைப் பாருங்கள். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்தவர்களோடு நின்றபோதுதான் ‘அவரை அறியேன்’ என்று மறுதலித்தார், மூன்று தரம். உயிர்த்தெழுந்த பின் இயேசு அவருக்காகக் கடற்கரையில் காத்திருக்கிறார். அங்கே என்ன இருந்தது? கரிநெருப்பு, அதன்மேல் மீன், அப்பம். புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் இந்த இரண்டு இடத்தில் மட்டும்தான் வருகிறது. கரிப்புகைக்கு ஒரு தனி வாடை உண்டு. கரியில் இறைச்சி சுடும் சாத்தே கடை ஓரமாக நடந்துபோனால் இரவு வரை சட்டையில் ஒட்டியிருக்கும். பேதுரு கரையேறியதும் அந்த வாடைதான் முதலில் மூக்கில் ஏறியிருக்கும். எந்த இடத்தில் விழுந்தாரோ, அந்த இடத்தின் வாடையிலேயே காலைச் சாப்பாடு. அப்புறம் ‘என்னை நேசிக்கிறாயா?’ என்று மூன்று தரம். மூன்றாம் தரம் பேதுருவுக்குத் துக்கம் வந்தது என்றும் எழுதியிருக்கிறது. மன்னிப்பு இனிப்பாகத்தான் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று. எங்கள் குழுவில் சூதாட்டத்தில் சிக்கிய ஒருவர் ஒவ்வொரு வெள்ளியும் கண்ணீரோடு ஜெபிப்பார், சனிக்கிழமை போய்விடுவார். சூதாட்டக் கூடத்துக்குள் நுழையச் சிங்கப்பூரர்களுக்கு ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்டணம், 2019 முதல். அதையும் கட்டிவிட்டுப் போனார். கடைசியில் ஜெபத்தோடு கூட இன்னொன்றும் செய்தோம். சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தில், தன்னை உள்ளே விடக்கூடாது என்று அவரே பதிந்துகொண்டார். ‘இது விசுவாசக் குறைவு இல்லையா?’ என்று ஒருவர் கேட்டார். தன் மேல் தனக்கு நம்பிக்கை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவனைவிடத் தெளிவாகப் பலவீனத்தை ஒப்புக்கொள்வது எப்படி?

கணவர் அடிக்கிறார். கிருபையாகப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். வெளியே வாருங்கள். 1800-777-0000 குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண், இருபத்து நான்கு மணி நேரமும். ஆபத்து என்றால் 999. ‘இது உங்கள் சிலுவை’ என்று யாராவது சொன்னால், அது ரோமர்கள் செய்த காரியம் என்று சொல்லுங்கள்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய எண்ணமா? என் வீட்டில் பாதிப் பேர் சைவர்கள்.

என் வீட்டிலும்தான். தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை வரை காவடியோடு நடந்த மாமா எனக்கு உண்டு. பக்தியைப் பற்றி அவரிடம் கற்றுக்கொண்டதை மறைக்க மாட்டேன்.

தமிழில் ‘நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்குத் தாயிற் சிறந்த தயா’ என்று மாணிக்கவாசகர் பாடிவைத்திருக்கிறார். அப்பரின் முதல் பதிகம் திருவதிகையில், சூலை நோய் குடலைச் சுருட்டியபோது பிறந்தது. எனக்கு இன்னும் நெருக்கமானது சுந்தரர் கதை. மனைவி சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து, அதை மீறித் திருவொற்றியூரை விட்டுப் போகும்போது இரண்டு கண்ணும் போய்விடுகிறது. தப்பு அவர் மேல்தான், அதில் சந்தேகமில்லை. தட்டுத்தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து கண்ணைக் கேட்கிறார். சிவன் கண்ணைத் தரவில்லை. ஓர் ஊன்றுகோலைத் தருகிறார். அதை ஊன்றிக்கொண்டு காஞ்சிபுரம் போன பிறகு ஒரு கண், திருவாரூரில் மறு கண். மறுபடி நடக்க ஆரம்பித்தது அந்தக் கோலை வைத்துத்தான்.

இரண்டு சமயமும் ஒன்றையே சொல்கின்றன என்று மழுப்பமாட்டேன். கடவுளே பலவீனமாகிச் சிலுவையில் தொங்கினார், உயிர்த்த பின்னும் கையில் ஆணித் தழும்போடு தோமாவுக்கு முன் நின்றார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அதில் நான் நிற்கிறேன். ஆனால் அந்த ஊன்றுகோலைப் படிக்கும்போதெல்லாம் ‘உனக்குப் போதும்’ எனக்குக் காதில் விழுகிறது. மாமாவிடம் சொன்னேன், சிரித்தார்.

ஜெபிக்கவே முடியவில்லை.

விடுங்கள். ‘வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு’ ஆவியானவரே நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8 சொல்கிறது. 88-ஆம் சங்கீதத்தைப் படியுங்கள். அது ஆறுதலில் முடியாது, இருட்டில் முடியும். அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளிடம் நம் தோல்விகளைச் சொல்லலாமா?

வயதுக்கேற்றபடி சொல்லலாம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் 2021 முதல் மிகச் சிறந்த மதிப்பெண் 4, மிக மோசமானது 32; எண் கூடக்கூட மோசம். என் மகன் 24 வாங்கி வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்ட அன்று, கதவுக்கு வெளியே உட்கார்ந்து நூலகக் கதையை அவனுக்குச் சொன்னேன். வெகுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் உள்ளிருந்து ஒரு கேள்வி: “மூணரை மாசமும் அந்தச் சாப்பாடு ஆறித்தான் இருந்துச்சா, அப்பா?”

அந்த அக்கா இப்போது எப்படி இருக்கிறார்?

கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். மறதி நோய். என்னைத் தன் தம்பி என்று நினைத்துக்கொள்கிறார், நானும் திருத்துவதில்லை. போன மாதம் எலுமிச்சைச் சோறு எடுத்துப் போனேன். மசித்த உணவுதான் கொடுக்கலாம் என்று தாதி சொல்லிவிட்டார். சரி என்று கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானே சாப்பிட்டேன். அக்கா என்னையும் டப்பாவையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஆறிப்போச்சா?” என்றார்.

“ஆமாக்கா” என்றேன்.